டினோஜாவின் மூன்றாம் ஓலை

பேசாலைப் பக்கத்து நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், லோறன்ஸின் மகள் டினோஜாவைத் தெரியாது என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள். வாய்க்காரி. பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறவனைத் தரிப்பிடம் வருமுன்னே திட்டி இறக்கிவிடுவாள். கோயில் பாடகர் குழுவில் மைக் கெட்டுப் போனால் யாரும் பதறுவதில்லை, டினோஜாவின் குரல் கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் வரைக்கும் போகும். இருபத்தைந்து வயது வரைக்கும் அவள் தன் முகத்தைப் பற்றிப் பெரிதாக யோசித்தவள் அல்ல. கறுப்புத்தான். கடலுக்குப் போகிற தகப்பனும் கறுப்பு, தாய் மாக்கிறட்டும் கறுப்பு. அந்த வீட்டில் அது ஒரு செய்தியே இல்லை. இப்படிப்பட்டவளைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீப்பால் தலை இழுக்க வைத்தார்கள். அதைக் கோபப்படாமல் சொல்ல வராது.

கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை றொட்னி, படகு எஞ்சின் திருத்துகிறவன், அதே கோயில் பங்கு, அதே பள்ளிக்கூடம். இரண்டு பேரும் விரும்பித்தான், பிறகு பெரியவர்கள் முறைப்படி வந்து கேட்டார்கள். கத்தோலிக்கக் கலியாணம் என்றால் முதலில் கோயிலில் ஓலை கூற வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவாமியார் வாசிப்பார். ஒருவரும் ஒன்றும் அறிவிப்பதில்லை. பேருக்கு ஒரு கேள்வி. பொண்ணு தலையைக் குனிவாள், பக்கத்தில் நிற்கிறவள் விலாவில் இடிப்பாள், அவ்வளவுதான். முதலாம் ஓலை அன்றைக்கு டினோஜாவையும் இடித்தார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கடைசிப் பாட்டை அரைவாசியில் விட்டாள்.

அந்தக் கிழமைதான் மன்னார் டவுனில் றஞ்சிதாவின் பார்லருக்குப் போனாள். றஞ்சிதாவின் பேஸ்புக் பக்கத்தை மாவட்டம் முழுக்கப் பார்க்கும். அதில் மணப்பெண்கள் வரிசையாக இருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே மூக்கு, பெற்ற தாய்க்கும் எது தன் பிள்ளை என்று பிரித்தெடுக்கக் கஷ்டம். கலியாணத்துக்கு முதல் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்றாள் றஞ்சிதா.

"இது காசில்லாமல் சும்மா செய்து தாறன் தங்கச்சி. ஒரு படம் மட்டும் எடுத்து என்ர பக்கத்தில போடுவன், ஓமே?"

டினோஜா ஓம் என்றாள். ஆனால் அவள் ஓம் என்றது ஒரு படத்துக்கு. றஞ்சிதா எடுத்தது இரண்டு. முகம் கழுவிவிட்டு வந்தவளைக் கதிரையில் இருத்தி, பொலித்தீன் பையைக் கிழித்துப் புது வெள்ளைத் துவாய் ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, "இஞ்ச பாரும்" என்று ஒன்று. பிறகு பூசிப் பூசி, கண் எரிய எரிய மை கீறி, மூக்குக்கு நிழல் வைத்து, கடைசியில் இன்னொன்று.

அன்று பின்னேரமே படம் வந்துவிட்டது. இடது பக்கத்தில் 'முன்', வலது பக்கத்தில் 'பின்'. முன் பக்கத்தில் இருந்தவள் கரி நிறம். கண்ணுக்குக் கீழே குழி. செத்தவீட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்து இருத்தியது போல் இருந்தாள். பின் பக்கத்தில் இருந்தவள் கோதுமை மா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். டினோஜாவுக்கு இரண்டு பேரையும் தெரியவில்லை. ஆனால் கீழே பெயர் அவளுடையதுதான்.

"கருவாட்டுக்கு இவ்வளவு மேக்கப்பா" என்று முதலில் ரொறன்ரோக்காரன் ஒருத்தன் எழுதினான். அதற்கு நானூறு பேர் சிரித்தார்கள். "மன்னாரில கழுதைக்கும் பவுடர் போடுறாங்கள் போல" என்று இன்னொருத்தன். "மாப்பிள்ளை பாவம், ஆயுசுக்கும் முகம் கழுவ விடாதேங்கோ" என்று பாரிசிலிருந்து ஒரு தாய், மடியில் பேரப்பிள்ளை இருக்கிற படத்தோடு. ஆம்பிளைகள் எழுதியதை டினோஜா தாங்கிக்கொண்டாள், பஸ்ஸில் இடிப்பவர்களைப் பார்த்தவள்தானே. பெண்பிள்ளைகள் எழுதியதுதான் உள்ளே இறங்கியது. தலைமன்னாரில் இருந்து ஒருத்தி, இவளுடைய நிறம்தான், இவளுடைய வயதுதான், "அப்பாடா, நான் இவ்வளவுக்கு இல்லை" என்று எழுதி மூன்று சிரிப்புப் போட்டிருந்தாள்.

கோயிலில் சுவாமியார் கேட்டால் தடை சொல்ல ஒரு நாய் இல்லை. இங்கே ஒருவரும் கேட்கவில்லை, உலகம் முழுக்க எழும்பி நின்று தடை சொன்னது. பெற்றவர்கள் சம்மதம், மாப்பிள்ளை சம்மதம், கடவுளும் ஒன்றும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் பனிக்குள் குந்திக்கொண்டிருக்கிற எவனோ ஒருத்தனுக்குத்தான் இவள் முகம் சரிவரவில்லை.

றொட்னி போன் எடுத்தான். "அதுகளை விடும் டினோ. வேலையில்லாததுகள். பாக்காதையும்."

"நீங்கள் பாத்தனீங்களே?"

"ஓம் பாத்தனான். பின் படத்தில சோக்காய் இருக்கிறீர். அதைத்தான் நான் புரொபைலில போட்டிருக்கிறன்."

அப்போது அது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. போனை வைத்தபிறகு மறுபடியும் கொமென்ட் பார்த்தாள். பாக்காதையும் என்று சொன்னால் பார்க்காமல் இருக்கலாமா? சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், கிணற்றடியில் பார்த்தாள், கக்கூசுக்குள் பார்த்தாள். புதிதாக யாரும் ஏசியிருக்கிறார்களா என்று தேடுவாள், இல்லாவிட்டால் பழையதைத் திரும்ப வாசிப்பாள். கண்ணாடியைப் பார்த்தால் அதில் முன் பக்கத்துக்காரிதான் நின்றாள், கரி நிறம், கண்ணுக்குக் கீழே குழி. வேறு எவளையும் அவளால் அங்கே காண முடியவில்லை. பிறகு போனில் பில்டர் போட்டுத் தன்னைத் தானே எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். விடிய எழும்பினால் முகம் பழையபடி இருந்தது.

இரண்டாம் ஓலை அன்றைக்குப் பாடகர் குழுவோடு நிற்கவில்லை. தொண்டை நோ என்று சொல்லித் தூணுக்குப் பின்னால், லேஸ் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு இருந்தாள். ஓலை வாசிக்கிறபோது அவளுடைய பெயர் யாரோ வேறொருத்தியின் பெயர் போலக் கேட்டது. பூசை முடிந்து வெளியே வர றொட்னியின் தாய் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, கலியாணத்தண்டு அந்தப் பின் படத்தில இருக்கிற மாதிரியே வரவேணும், என்ன. கனடாவில அண்ணை ஆக்கள் அதைப் பாத்திட்டுத்தான் சந்தோசப்பட்டவை. றஞ்சிதாவுக்கு நானே சொல்லிப்போட்டன்."

"ஓம் மாமி" என்றாள் டினோஜா. பஸ்ஸில் ஆளை இறக்கிவிடுகிற டினோஜா!

அடுத்த நாள் போனில் விளம்பரம் பார்த்து ஒரு கிறீம் எடுப்பித்தாள். ஏழு நாளில் நிறம் மாறும் என்றிருந்தது. டினோஜாவுக்கு ஏழு நாள் பொறுக்க முடியவில்லை, காலையும் மாலையும் அப்பினாள். மூன்றாம் நாள் வலது கன்னம் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. மாக்கிறட் கண்டு பதறி, "உனக்கென்ன விசரே?" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலியாணத்துக்குள்ள மாறிடுமோ?" என்று கேட்டாள். அந்த இரண்டாவது கேள்விதான் டினோஜாவுக்கு முதலாவதைவிட நொந்தது.

நண்டுக் கம்பனிக்குள் போனால் மட்டும் மூச்சு வந்தது. அங்கே தொப்பி, முகமூடி, வெள்ளைக் கோட்டு. வேக வைத்த நண்டின் சதையை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் கண் மட்டும்தான். போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த மேசைதான் அவளுக்கு மிஞ்சிய ஒரே நல்ல இடமாகிப் போயிற்று. வேலை முடிந்து பஸ்ஸிலும் முகமூடியைக் கழற்றாமல் வந்தாள்.

பக்கத்தில் இருந்து வேலை செய்கிற உம்மு குல்சூம் எருக்கலம்பிட்டிக்காரி. டினோஜாவின் வயது, டினோஜாவின் வாய். கை கழுவுகிற பைப்படியில் ஒரு பின்னேரம் டினோஜா முகமூடியைத் தூக்கித் தண்ணீர் அடிக்க, குல்சூம் கண்டுவிட்டாள்.

"அல்லாவே! என்னடி இது, கன்னம் கழண்டு வருது?"

"கிறீம்."

"எதுக்கு?"

டினோஜா அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் போனை வாங்கினதும் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். குல்சூம் ஏற்கெனவே பார்த்திருந்தாள், ஊரில் பார்க்காதவர் யார்? ஆனால் அன்றைக்குத்தான் விரித்துப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மூஞ்சையை விடு. கழுத்தைச் சுற்றிக் கிடக்கிற துவாயைப் பார். என்ன நிறம்?"

"சாம்பல்."

"பார்லர்க்காரி உனக்கு அடுப்புத் துணியா போட்டவ?"

"இல்லையடி. புதுசு. வெள்ளை. என்ர கண்ணுக்கு முன்னாலதான் பையைக் கிழிச்சவ."

"அப்ப வெள்ளைத் துவாயும் கறுத்துப் போச்சோ? அதுக்கும் கொஞ்சம் கிறீம் பூசி விடன்!"

டினோஜா போனைப் பறித்துப் பார்த்தாள். துவாய் சாம்பல். பின்னால் பார்லர்ச் சுவர் மண்ணிறம், நேரில் அது பால் வெள்ளை. அவளுடைய பல்லும் மங்கல். பின் பக்கத்தில் அதே சுவர் கண்ணைக் கூசியது. ஒரு பக்கத்துக்கு இருட்டை அள்ளிக் கொட்டி, மற்றப் பக்கத்துக்கு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய டினோஜாவை எங்கேயும் காணவில்லை.

அதுவரைக்கும் அவளுக்கு வந்தது வெட்கம். அன்றைக்குத்தான் கோபம் வந்தது. தன்னுடையதே அல்லாத ஒரு கறுப்பைக் கழுவுவதற்குத் தன்னுடைய தோலை உரித்திருக்கிறாள்! பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. சரி, அந்தப் படத்தில் இருக்கிற நிறம்தான் தன் நிறம் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தால்தான் என்ன? அதைவிட இரண்டு மடங்கு கறுத்துப் பிறந்திருந்தால் எவன் வீட்டு அடுப்பு அணைந்துபோகும்? அவள் முகமூடியைக் கழற்றிக் குப்பை வாளிக்குள் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

பார்லரில் அபிசா என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கதிரையில் இருந்தாள். பிறந்தநாளுக்கு வந்தவளாம். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துவாய். றஞ்சிதா போனைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றாள். டினோஜாவைக் கண்டதும் சிரித்தாள்.

"வாரும் தங்கச்சி. ஐயோ, முகத்துக்கு என்ன நடந்தது?"

"என்ர படத்தை ஏன் கறுப்பாக்கினனீங்கள் அக்கா?"

"கறுப்பாக்கேல்லை. லைட்டைக் கொஞ்சம் குறைச்சனான். எல்லாரும் செய்யிறதுதான். வித்தியாசம் தெரியாட்டி ஆர் வருவினம்? உம்மட படத்தைப் பாத்திட்டு எத்தினை பிள்ளையள் வருகினம் தெரியுமே? எல்லாம் உம்மை மாதிரிப் பிள்ளையள்தான்."

"என்னை மாதிரி எண்டால்?"

றஞ்சிதா கதிரையில் இருந்த பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். "நிறம் குறைஞ்ச பிள்ளையள்" என்றாள், குரலைக் குறைத்து.

அபிசா துவாயின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். டினோஜா றஞ்சிதாவின் கையைப் பார்த்தாள். முகத்தில் அத்தனை பூச்சு. போனைப் பிடித்திருந்த கை அப்படியே டினோஜாவின் கை நிறம். பிறகு சொன்னாள்:

"உங்கட கையையும் ஒருக்காப் போடுங்கோவன் அக்கா, முன் பக்கத்தில."

றஞ்சிதாவின் சிரிப்புப் போய்விட்டது. "படத்தை எடுக்கச் சொல்லி வந்தனீரே? நான் எடுத்தாலும் மற்றவையிட்ட இருக்கும்தானே. உம்மட மாப்பிள்ளையே ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஷெயார் பண்ணி எனக்கு நன்றி எழுதியிருக்கிறார். அவருக்கு இல்லாத நோவு உமக்கென்ன?"

றஞ்சிதாவின் பக்கத்திலேயே கிடந்த டினோஜாவுக்கு அது தெரியாது. வாசலில் நின்று றொட்னியின் பக்கத்தைத் திறந்தாள். புரொபைலில் கோதுமை மா முகம். கீழே முழுப் படம், முன்னும் பின்னும். அதற்கு மேலே அவன் எழுதியிருந்தான்: 'என்ர டினோவை இப்பிடி மாத்தித் தந்த அக்காவுக்கு நன்றி.' கருவாடு என்று எழுதியவன் அதற்கும் லைக் போட்டிருந்தான். போவதற்கு முதல் அவள் திரும்பி அபிசாவிடம், "தங்கச்சி, உன்ர துவாய் வெள்ளை. ஞாபகம் வைச்சிரு" என்றாள். அந்தப் பிள்ளைக்கு விளங்கியதோ இல்லையோ, கதிரையை விட்டு எழும்பிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் றொட்னியின் எஞ்சின் கொட்டிலுக்குப் போனாள். அவன் கையில் கிறீஸ். அவளுடைய கன்னத்தைக் கண்டதும், "இதென்ன, நாளைக்கு மூண்டாம் ஓலை, சனமெல்லாம் பாக்குமே" என்றான்.

"அந்தப் படத்தை ஏன் போட்டனீங்கள்?"

"நல்லதுக்குத்தான் போட்டனான். எவ்வளவு மாறியிருக்கிறீர் எண்டு எல்லாரும் பாக்கட்டும் எண்டு."

"முன் பக்கத்தில இருக்கிறது ஆர்?"

"இதென்ன கேள்வி? நீர்தான்."

"அது றஞ்சிதா அக்கா கறுப்பாக்கினது. துவாயைப் பாருங்கோ, சுவரைப் பாருங்கோ. உங்களுக்குத் தெரியேல்லையே? ஆறாம் வகுப்பில இருந்து என்னைப் பாக்கிறீங்கள். அது என்ர முகமே?"

றொட்னி கையைத் துணியில் துடைத்துவிட்டு, போனில் படத்தைத் திறந்து பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தான்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தானே" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுகிறவன் இல்லை, உழைக்கிறவன். அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு ஆழத்துக்கு வெட்டியது. ரொறன்ரோக்காரனுக்கு இவள் முகம் தெரியாது, மன்னிக்கலாம். கூடப் படித்தவன், கூட நடந்தவன், மடு மாதா திருவிழாவில் சனத்துக்குள் இவளைத் தேடிக் கண்டுபிடித்து ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவன், ஒரு பொய்ப் படத்தைக் கொண்டு இவளை அளக்கிறான். கிட்டத்தட்டவாம். டினோஜா திரும்பி நடந்தாள். "கலியாணத்தண்டு வடிவாய்த்தானே வருவீர், ஏன் கோவிக்கிறீர்?" என்று அவன் பின்னால் கூப்பிட்டது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முக்காடு போடாமல், லேஸைத் தோளில் விட்டபடி கோயிலுக்குப் போனாள். உரிந்த கன்னத்தில் ஒன்றும் பூசவில்லை. மாக்கிறட் வழி முழுக்க, "லேஸை இழுத்துப் போடு பிள்ளை, சனம் பாக்குது" என்று கெஞ்சினாள். டினோஜா போய்ப் பாடகர் குழுவில் தன் இடத்தில் நின்று எல்லாப் பாட்டும் பாடினாள். பூசை முடிகிற நேரம் சுவாமியார் கடதாசியை எடுத்தார். றொட்னியின் பெயர், தாய் தகப்பன் பெயர். லோறன்ஸ், மாக்கிறட் ஆகியோரின் மகள் டினோஜா. மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். வாசித்துவிட்டு அடுத்த அறிவித்தலுக்குக் கடதாசியைப் புரட்டினார்.

"சுவாமி, எனக்கொரு தடை தெரியும்."

மைக் இல்லாமலே கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. சுவாமியார் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருசத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. அதுவும் பொண்ணே.

"பிள்ளை, பூசை முடிய அறைக்கு வாரும். ஆறுதலாய்க் கதைப்பம்."

"இல்லை சுவாமி. எல்லாருக்கும் கேக்க வாசிச்சனீங்கள், நானும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறன். நீங்கள் வாசிச்ச டினோஜா நான். றொட்னி கட்ட நிக்கிறது படத்தில இருக்கிற ஒரு பிள்ளையை. அந்தப் பிள்ளை இந்தப் பங்கில இல்லை."

றொட்னியின் தாய் எழும்பி, "என்ன பேச்சு இது!" என்றாள். மாக்கிறட் வாயில் கையை வைத்தபடி இருந்தாள். லோறன்ஸ் மட்டும் மகளுடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் அதைக் கண்டவர் போல. ஆம்பிளைகள் பக்கத்துக் கடைசி வாங்கில் எவனோ போனை உயர்த்திப் பிடித்தான். டினோஜா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"எடும். நல்லா எடும். லைட்டைக் குறைக்காமல் போடும்."

போன் இறங்கிவிட்டது. சுவாமியார் கையால் காட்டி, "இரும் பிள்ளை" என்றார். டினோஜா இருக்கவில்லை. மூன்றாவது வாங்கில் றொட்னி குனிந்துகொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து தன்னை ஒருமுறை பார்க்கும் வரைக்கும் நிற்பதென்று நின்றாள். சனம் பார்த்தது, சுவாமியார் பார்த்தார். அவன் நிமிரவில்லை.